சர்க்கரை நோயுள்ள பூனை: வீட்டில் இரத்தச் சர்க்கரை அளப்பதும் இன்சுலின் போடுவதும்

[காட்சி: மேசைமீது இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றொன்றுக்கு ஆரஞ்சு மூடி.]

வணக்கம். பூனைக்குச் சர்க்கரை நோய் இருப்பது உறுதியாகி, கால்நடை மருத்துவர் இன்சுலின் எழுதிக் கொடுத்த பிறகு, வீட்டில் அதை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது என்பதை இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். நோய் ஏன் வருகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பெரும்பாலான பூனைகளுக்கு வருவது மனிதர்களின் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது, உடல் பருமனும், கூடிவரும் வயதும், நீண்ட நாள் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகளும் அதற்கு வழி வகுக்கின்றன.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை ஒரு நாள் முழுவதும் 350 மில்லிகிராமில் (100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு) நின்றாலும், நன்றாகச் சாப்பிட்டு நடமாடும் பூனைக்கு அன்றே பெரிய ஆபத்து வந்துவிடுவதில்லை. ஆனால் மூளை குளுக்கோஸை நம்பியே இயங்குவதால், சர்க்கரை 40-க்குக் கீழே இறங்கிச் சில மணி நேரம் அப்படியே கிடந்தால், வலிப்பு வரலாம், மூளை சேதமடையலாம், உயிரும் போகலாம். போட்ட இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை. எனவே ஒரு வேளை சந்தேகம் வந்தால், கூடுதலாகப் போடுவதைவிடப் போடாமல் விடுவதே பாதுகாப்பு.

[காட்சி: இரண்டு சிரிஞ்சுகளின் அளவுக்கோடுகள், நெருக்கமாக.]

இப்போது மேசைமீது உள்ள சிரிஞ்சுகளுக்கு வருவோம். இந்திய மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. சிவப்பு மூடிச் சிரிஞ்ச் 40-க்கும், ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் 100-க்கும் உரியவை. பூனைகளுக்குப் பரவலாக எழுதப்படும் கிளார்ஜின் இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட் செறிவில் வருகிறது. கால்நடைகளுக்கென்றே தயாரிக்கப்படும் கேனின்சுலின், புரோசிங்க் ஆகியவை 40 யூனிட் செறிவுள்ளவை. 100 யூனிட் மருந்தை, கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பதற்காகச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு கோடு அளவு ஏற்றினால், பூனையின் உடலுக்குள் போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். மாறாக 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ஏற்றினால், ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட் மட்டுமே போகும். எழுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு ஒரு யூனிட் வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். நான்கு கிலோ பூனைக்கு அது முழு மருந்தளவு. மருந்துக் குப்பியின் செறிவையும் சிரிஞ்சின் செறிவையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனெனில் பூனையின் மருந்தளவு பெரும்பாலும் அரை அரை யூனிட்டாகத்தான் மாற்றப்படும்.

பல பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 யூனிட் என்ற அளவில்தான் மருத்துவர்கள் தொடங்குகிறார்கள். இந்த எண்ணைக் கேட்டு, “இவ்வளவுதானா?” என்று எண்ணுபவர்கள் உண்டு. குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவதே இந்தச் சிகிச்சையின் முறை.

[காட்சி: பூனையின் காது மடல், ஓரத்தில் ஓடும் மெல்லிய இரத்த நாளம்.]

அடுத்தது, சர்க்கரையை அளப்பது. மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை அளவை மட்டும் நம்ப முடியாது. பயந்த பூனையின் இரத்தச் சர்க்கரை, அதற்கு நோய் இல்லாவிட்டாலும்கூட, 300-ஐத் தாண்டிப் போகக்கூடும். கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃபுருக்டோசமைன் பரிசோதனை இதனால்தான் பயன்படுகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள், ஒரு நாள் விடியற்காலை சர்க்கரை ஆபத்தாக இறங்கியது மறைந்துபோகும். அதைக் காட்டிக்கொடுப்பது வீட்டில், பூனை தன் இடத்தில் அமைதியாக இருக்கும்போது எடுக்கும் அளவுதான்.

காதை வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். குளிர்ந்த காதில் இரத்தம் வராது. மடலின் பின்புறம் மடித்த பஞ்சை வைத்துப் பிடித்து, ஓர நாளத்துக்கும் காதின் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் லான்செட் என்னும் சிறு குத்தூசியால் குத்துங்கள். முன்கூட்டியே மிக மெல்லியதாக வாசலின் தடவியிருந்தால், இரத்தம் முடியில் பரவாமல் துளியாக நிற்கும். சர்க்கரை மீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியில் தொட்டால் போதும், அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் சில நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, பூனைக்குப் பிடித்த ஒரு துண்டு வேகவைத்த கோழியைக் கொடுங்கள். சில வாரங்களில் பல பூனைகள் அந்தக் கோழித் துண்டுக்காகவே தாமாக வந்து உட்காரும்.

எந்த மீட்டரில் அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் ஏறத்தாழ 58 சதவீதம் பிளாஸ்மாவிலும், மீதி சிவப்பணுக்களிலும் உள்ளது. பூனையின் இரத்தத்திலோ ஏறத்தாழ 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே உள்ளது. மனிதர்களுக்கான மீட்டர் மனிதக் கணக்கின்படி அமைக்கப்பட்டிருப்பதால், பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஆல்ஃபாட்ராக் போன்ற, விலங்குகளுக்கான மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பதையே பயன்படுத்தலாம். ஆனால் எப்போதும் அதே மீட்டரில் அளக்க வேண்டும், அது எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளில் வாழ்பவர்களின் மீட்டர் மில்லிமோலில் காட்டும். அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் இங்கே நாம் சொல்லும் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

[காட்சி: குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாள். தேதி, நேரம், சர்க்கரை அளவு, உணவு, யூனிட், போட்டவர் பெயர்.]

ஊசி போடும் வேளையின் வரிசை மாறக்கூடாது: முதலில் அளவு, பிறகு உணவு, கடைசியில் ஊசி. ஆரம்ப வாரங்களில், ஊசிக்கு முந்தைய அளவு 200-க்குக் கீழ் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இன்சுலின் போடாமலிருப்பது நல்லது. பூனை சாப்பிட மறுத்தாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ, வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரை அழையுங்கள்.

தோலை மடிப்பாகத் தூக்கி, மார்பின் பக்கவாட்டிலோ விலாவிலோ இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். சில சமயம் ஊசி தோல் மடிப்பின் மறுபக்கம் வெளியே வந்து, மருந்து முடியில் சிந்திவிடும். அப்போது எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கிட முடியாது. ஆகவே மறுபடி போடக்கூடாது, அடுத்த வேளைவரை காத்திருக்க வேண்டும். மறந்துபோன ஊசிக்கும் இதே விதிதான்: இரண்டு வேளை அளவைச் சேர்த்துப் போடவே கூடாது. வீட்டில் இரண்டு பேர் பூனையைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், மற்றவர் போட்டாரா இல்லையா என்ற குழப்பத்தில்தான் இரட்டை ஊசி நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அந்தத் தாள் அதற்காகத்தான். இன்சுலினும் அதே பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள், உறைபனிப் பகுதியைத் தொடாமல் இருக்கட்டும்; ஒருமுறை உறைந்துபோன மருந்து உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது.

[காட்சி: 12 மணி நேர வரைபடம். கோடு இறங்கி, தாழ்ந்த புள்ளியைத் தொட்டு, மீண்டும் ஏறுகிறது.]

மருந்தளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதை ஊசிக்கு முந்தைய அளவு மட்டும் சொல்லாது. ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரம் அளந்து வரைபடமாக்கினால், சர்க்கரை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது தெரியும். அந்தத் தாழ்ந்த புள்ளி ஏறத்தாழ 80 முதல் 150-க்குள் இருப்பதே இலக்கு. அது 80-க்குக் கீழே போயிருந்தால், காலை அளவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், மருந்தைக் குறைப்பது பற்றித்தான் பேச வேண்டும். மாற்றம் செய்த பிறகு அதன் முழு விளைவைக் காண ஐந்து முதல் ஏழு நாட்கள் பொறுக்க வேண்டும். காலையில் 320 என்று அரை யூனிட் ஏற்றி, மாலையில் 140 என்று ஒரு யூனிட் இறக்குபவர்கள், என் பார்வையில், பூனைக்குச் சிகிச்சை செய்யவில்லை. மீட்டரோடு சண்டை போடுகிறார்கள்.

தோலில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்ற சென்சார்கள் குத்தும் வேலையைக் குறைக்கின்றன. மனிதருக்கு 14 நாட்கள் தாங்கும் அது, பூனையின் உடலில் பெரும்பாலும் அதற்கு முன்பே கழன்றுவிடும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கிடையே உள்ள திரவத்தை. சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். எனவே சென்சார் மிகக் குறைந்த எண்ணைக் காட்டினால், காதில் ஒருமுறை குத்தி உறுதிசெய்யுங்கள். பூனை தள்ளாடினால் உறுதிசெய்யக்கூடக் காத்திருக்காமல் முதலுதவியைத் தொடங்குங்கள்.

உணவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தயிர்ச் சோறும் மீன் கலந்த சோறும் தின்று வளர்ந்த பூனையை, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாற்றுவது நல்ல முடிவுதான். ஆனால் சோறு நின்றதும் இன்சுலின் தேவை சில நாட்களிலேயே கணிசமாகக் குறையலாம். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை சரிந்துவிடும். மருத்துவருக்குச் சொல்லி, சிறிது சிறிதாக, நாள்தோறும் அளந்துகொண்டே மாற்றுங்கள்.

[காட்சி: பின்னங்கால் தள்ளாடும் பூனை. அருகில் தேன் பாட்டில், குளுக்கோஸ் பவுடர்.]

சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளங்கள்: திடீர்ப் பசி, சோர்வு, தள்ளாட்டம், விரிந்த கண்மணிகள், நடுக்கம், முடிவில் வலிப்பு. மீட்டர் 60-க்குக் கீழே காட்டினால், பூனை இயல்பாகத் தெரிந்தாலும் செயல்பட வேண்டும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். சாப்பிடாவிட்டாலோ தள்ளாடினாலோ, தேனையோ தண்ணீரில் குழைத்த குளுக்கோஸையோ ஈறுகளில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழலில் போய்விடும். வலிப்பு வரும்போது பற்களுக்கிடையே விரலை விடவும் கூடாது. சர்க்கரைக்கு மாற்றாக விற்கும் இனிப்பு எதுவும் இங்கே உதவாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பூனை எழுந்து நடந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பிவிட வேண்டாம்: தேனின் பலன் விரைவில் தீர்ந்துவிடும், இன்சுலினோ இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதை, முதல் ஊசி போடும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்க ஆபத்து கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடல் சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும்போது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள். சர்க்கரை உயர்ந்திருக்க, பூனை சாப்பிடாமல், வாந்தியோடு சுருண்டு கிடந்தால், சிறுநீரில் கீட்டோன் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை. வீட்டில் இன்சுலினைக் கூட்டிச் சரிசெய்ய முயலக்கூடாது.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை பூனைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. ஏற்கெனவே இன்சுலின் எடுத்த பூனைக்கு அதைக் கொடுக்கக்கூடாது. அதில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்தும் உண்டு.

[காட்சி: அதே தாள். யூனிட் பத்தியில் எண்கள் படிப்படியாகக் குறைகின்றன.]

நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் நல்ல கட்டுப்பாடு கிடைத்த பூனைகள் பலவற்றுக்கு, இன்சுலின் தேவையே இல்லாமல் போவதும் உண்டு. ஊசிக்கு முந்தைய அளவு வாரம் வாரம் இறங்கிக்கொண்டு வருவதே அதன் முதல் தடயம். அப்போது மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நிறுத்திய பிறகும் உணவு முறையைத் தொடருங்கள், அவ்வப்போது காதில் அளந்து பாருங்கள். பூனைக்கு வேறு எந்த நோய்க்காகவும் ஸ்டீராய்டு எழுதப்படும்போது, அதற்கு முன்பு சர்க்கரை நோய் இருந்ததை அந்த மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.