தென்பெண்ணைக் கரையில் ஓட வருகிறவர்களுக்கு

(தருமபுரியில் நடந்த கரடுமுரடான பாதை ஓட்டப் பயிற்சி முகாமின் தொடக்க உரை, எழுத்து வடிவில்)

அவைக்கு வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, மைதானம் தந்து, நாற்காலி தந்து, விடியற்காலையில் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழும் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னாள் ஊராட்சித் தலைவர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, பொன்னாடைக்குப் பதிலாக நல்ல ஈரிழைத் துண்டு போர்த்திய விழாக் குழுவினரே, எல்லோருக்கும் வணக்கம். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் நில அளவர் ஐயா அவர்களுக்குத் தனி வணக்கம். அவரைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பேச்சின் பின்பாதி முழுக்க அவரைப் பார்த்துத்தான். பாதியில் எழுந்துவிடாமல் இருக்க வேண்டும்.

கால், தண்ணீர், சாப்பாடு, பாதை என்று நான்கு தலைப்பில் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நான்குக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே பழமொழி: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. "ஆரம்பிச்சுட்டாரு" என்று முன்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இன்னும் சில முறை வரும்.

முதலில் நிலம். நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே நம் எல்லைக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர், அனுமன்தீர்த்தம் என்று இறங்கிச் சாத்தனூருக்குப் போகிறது தென்பெண்ணை. வழியில் பாம்பாறும் வாணியாறும் வந்து சேர்கின்றன. இந்தப் பெரிய ஆறுகள் ஓடுகிறவனுக்குத் தொல்லை இல்லை. தொல்லை கொடுப்பவை பெயர் இல்லாத ஓடைகள். மழைக்கு மழை கரையை அறுத்து அறுத்து, ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று பள்ளமாக வெட்டிவைத்திருக்கின்றன. வரைபடத்தில் அவை ஒரு மெல்லிய நீலக் கோடு. காலுக்கு அது ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், நடுவில் ஒரு முள் புதர்.

இப்போது கால். நம் பக்கத்துப் பாறை கெட்டியானதுதான். ஆனால் அதன் மேல் உதிர்ந்து கிடக்கும் சரளை, கடலைப்பருப்பு அளவுக் கற்கள், கோலிக்குண்டு போல உருளும். இதற்கு அடியில் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் பற்கள் உள்ள காலணி வேண்டும். அதைவிட நீளமான, கெட்டியான பற்கள் சேற்றுக்கு நல்லவை, வழுக்குப் பாறையில் ஏமாற்றிவிடும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நீண்ட இறக்கத்தில் நகம் முன்சுவரில் மோதி மோதிக் கறுத்துவிடும். காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். கயிற்றைக் கடைசித் துளை வரை கோத்து, கணுக்காலோடு இறுக்கிக் கட்டினால் இறக்கத்தில் கால் உள்ளே முன்னால் சறுக்காது. கடைசித் துளை அலங்காரத்துக்கு இருப்பதாகப் பாதிப் பேர் நினைக்கிறார்கள்.

முள் விஷயம். சீமைக்கருவேல முள் மெல்லிய அடியைத் துளைத்து உள்ளே வந்துவிடும். ஊக்கும் சிறு இடுக்கியும் பையில் இல்லாமல் யாரும் கிளம்பக்கூடாது. நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் காலுறையில் ஏறாமல் இருக்க, பழைய காலுறையின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு மேல்குழாயைக் காலணி வாய்க்கு மேல் இழுத்துவிடுங்கள். கடையில் விற்கும் உறை செய்யும் வேலையை அது செய்யும்.

இறக்கத்தில் பின்னால் சாய்வதுதான் எல்லோரும் செய்வது. சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் சரளையில் வழுக்கும், உட்கார்ந்துவிடுவோம். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பைக் காலுக்கு நேர் மேலே வைத்து, அடியைக் குட்டையாக்குங்கள். நிமிடத்துக்கு 170, 180 அடி. கண் காலடியில் இருக்கக்கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். மூச்சு வாங்கும் ஏற்றத்தில் கைகளைத் தொடையில் ஊன்றி நடந்துவிடுங்கள். அதில் வெட்கம் இல்லை, நேரமும் பெரிதாக வீணாகாது. ஆற்று மணலில் கரையோர ஈர மணல்தான் கெட்டி. காய்ந்த மணலில் வேகம் காட்டினால் குதிகால் நரம்பு இழுத்துக்கொள்ளும்.

கணுக்கால் பிசகினால் நம் ஊரில் முதலில் தைலம் வருகிறது, பிறகு நீவிவிட ஒருவர் வருகிறார். இரண்டையும் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு நாள் நீவக்கூடாது. ஐஸ், இழுபடும் துணிக்கட்டு, காலை உயர்த்தி வைப்பது, இவ்வளவுதான். நான்கு அடி எடை ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் நேராக எக்ஸ்ரே. பள்ளத்துப் பாறை இடுக்கில் கை வைத்து ஏறும்போது பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில்.

தண்ணீருக்கு வருகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு, வயிற்றிலே ஊற்றினாலும் அளந்து ஊற்று. எவ்வளவு குடிப்பது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம். ஓடும் முன் உடம்பை எடை போடுங்கள். ஒரு மணி நேரம் ஓடி வந்து, வியர்வையைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போடுங்கள். 62 கிலோ 61.1 ஆகியிருக்கிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், வியர்வை மணிக்கு 1.4 லிட்டர். அத்தனையையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து. வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, பிதற்றல் என்று போகும். வெயில் அடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதிலும் தலைதட்டிய என்பதுதான் முக்கியம்.

எந்தத் தண்ணீர் என்பது இன்னொரு கேள்வி. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கிப் போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். குளோரின் மாத்திரை கிருமியைக் கொல்லும், ஆலைக் கழிவை என்ன செய்யும்? ஆற்று நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளக்கூட நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீரிலோ தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரு மாவட்டத்திலும் ஃப்ளோரைடு. காய்ச்சினால் அது போகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. ஆழ்துளை நீரை ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. தினமும் மூன்று நான்கு லிட்டர் குடித்துப் பயிற்சி செய்யும் பிள்ளைகள் ஒகேனக்கல் குழாய் நீரையே பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

பாய்கிற நீரைக் கடப்பது: முழங்காலுக்கு மேல் ஓட்டம் இருந்தால் கடக்காதீர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. தலைக்கு மேலே வானம் வெளுத்திருப்பதை நம்பவேண்டாம். மழை ஓசூர்ப் பக்கம் பெய்திருக்கும், அணை மதகு திறந்திருக்கும். நீர் சட்டென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் அப்போதே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோது இந்த ஓடைகள் என்ன செய்தன என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். கடந்தே ஆகவேண்டும் என்றால் முதுகுப்பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் முதலில் கழற்றுங்கள். விழுந்தால் பை போகட்டும்.

சாப்பாடு மூன்றாவது தலைப்பு. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குள் ஒரு கதை.

நம் பக்கத்தில் உலவும் கதைதான். எந்த ஊரில் நடந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து ஊரைக் கை காட்டுவார்கள். பெருநகரத்திலிருந்து ஒரு தம்பி ஆற்றங்கரையில் ஓட வந்தான். கையில் செயற்கைக்கோளைப் பார்த்துத் தூரம் சொல்லும் கடிகாரம், முதுகில் உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை, கண்ணில் மாம்பழ நிறக் கண்ணாடி. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி. "பாட்டி, அதோ கோயில் தெரியுதே, அங்க போக எவ்வளவு நேரம் ஆகும்?" பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நடந்தா ஒரு மணி நேரம் கண்ணு. நீ ஓடிப்போனா பொழுது சாஞ்சிடும்."

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் வாட்ச் ரெண்டே முக்கா கிலோமீட்டர்னு காட்டுது பாட்டி. பதினெட்டு நிமிஷம்." "அது காக்கா பறக்கிற தூரம் சாமி. நீ காக்காவா?"

ஓடினான். முதல் பள்ளம் வந்தது. வேரைப் பிடித்து இறங்கி, மறுகரை ஏறினான். இரண்டாவது பள்ளத்தில் சீமைக்கருவேலம், கண்ணாடி போயிற்று. மூன்றாவதைத் தாண்டினால் முன்னால் மாந்தோப்பு, சுற்றிலும் கம்பிவேலி. வேலியோரமாகவே போனான், வேலி அவனை மறுபடி இரண்டாவது பள்ளத்துக்கே கொண்டுவந்து விட்டது. அங்கே அவன் கண்ணாடி அப்படியே கிடக்கிறது! எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினான். தண்ணீர்ப் பை தீர்ந்து குழாயில் காற்று வருகிறது. கடைசியில் கோயில் வாசலை அடைந்தபோது பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறாள். "வா கண்ணு. ஆட்டை எண்ணிட்டேன், எல்லாம் வந்திடுச்சு. உன்னைத்தான் காணோமேன்னு பார்த்தேன்."

கைதட்டலுக்கு நன்றி. கதை அத்தோடு முடியவில்லை. "நீ வந்த பக்கம் அந்தக் காலத்துல வண்டித்தடம் இருந்துச்சு கண்ணு, முக்கா மணியில வந்துடுவேன். தடத்தைச் சேர்த்து வேலி கட்டிட்டாங்க. இப்ப சுத்திதான் வர்றேன்" என்றாளாம் பாட்டி. நான் கேட்க வந்தது இந்த வேலியைப் பற்றித்தான்.

பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தான கரையில் இறங்காது, ஏறாது. ஆகவே வண்டித்தடம் ஒவ்வொரு பள்ளத்தையும் கரை தாழ்ந்த இடத்தில், பாறை தளமாக இருக்கும் இடத்தில் கடக்கும். காளை மூச்சிரைக்காமல் ஏறும் சரிவில் மனிதன் ஓடலாம். லட்சக்கணக்கில் செலவழித்து யாரும் நமக்கு ஓட்டப் பாதை போட வேண்டாம், இருந்த பாதையைத் திறந்துவிட்டால் போதும். நம் மண்ணுக்கு இது புதிதும் அல்ல. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அதியமான் பெருவழியின் காதக்கல், அதாவது அந்தக் காலத்து மைல்கல், இருக்கிறது. நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று வெட்டி, எழுத்து வாசிக்கத் தெரியாத வழிப்போக்கனுக்காக அந்த எண்ணிக்கையைக் குழிகளாகவும் குடைந்திருக்கிறார்கள். குழியை விரலால் தொட்டு எண்ணினால் இருட்டிலும் தூரம் தெரியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற சனம் பாதையை அளந்து போட்டிருக்கிறது. இன்றைக்கு அளந்து போட்டதையே காணோம்.

நில அளவர் ஐயா, இனி உங்களுக்கு. பாதை தொலைந்த ஊர்க்காரர் செய்ய வேண்டியது இதுதான். புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைக் கண்டுபிடித்து, அரசின் நில ஆவண இணையப் பக்கத்தில் புல வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பாதை இருக்கிறதா, கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். ஓடைப் புறம்போக்கையும் பாருங்கள். இருந்தால், அளந்து எல்லைக் கல் நடக் கேட்டு வட்டாட்சியருக்கு மனு. கூடவே கிராம சபையில் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஆண்டுக்கு இத்தனை முறை கூடுகிறது. ஆக்கிரமிப்பு உறுதியானால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவில் நோட்டீசு, 6ஆம் பிரிவில் வெளியேற்றம். பட்டா நிலத்தின் ஊடே போகும் ஒற்றையடிப் பாதைக்கு இது பொருந்தாது. அங்கே உடைமைக்காரரிடம் கேட்டுத்தான் போக வேண்டும், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். மனு தோற்பது எங்கே என்றால், "பழைய பாதையை மீட்டுத் தாருங்கள்" என்று மட்டும் எழுதி, புல எண்ணும் உட்பிரிவும் போடாமல் விடும் இடத்தில்தான்.

வனச்சரக அலுவலர் பக்கம் ஒரு வார்த்தை. இதெல்லாம் காட்டுக்கு வெளியே. காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்களும் காப்புக்காடுகளும் யானை வழி. குரங்கணித் தீக்குப் பிறகு 2018இல் மலையேற்ற விதிகளே வந்துவிட்டன. அனுமதி இல்லாமல் ஒருவரும் கால் வைக்கமாட்டோம்.

இடிந்த கோட்டை, நடுகல், கற்திட்டை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ராயக்கோட்டை மலைக்கோட்டை 1791இல் கிழக்கிந்தியக் கும்பினிப் படையிடம் விழுந்த கதையும் இருக்கிறது. துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மூன்று மட்டும். பெயர்ந்த மதில் மேல் ஓடாதீர்கள், உங்கள் காலும் போகும், மதிலும் போகும். பாறையிலும் நடுகல்லிலும் பெயின்ட்டால் அம்புக்குறி போடாதீர்கள். துணி நாடா கட்டுங்கள்: நேர்ப் பாதையில் 200 மீட்டருக்கு ஒன்று, பிரிவில் மூன்று, பிரிந்தபின் 50 மீட்டரில் சரியான வழி என்று காட்ட ஒன்று, ஓட்டம் முடிந்த அன்றே அவிழ்த்துவிட வேண்டும். பாறை முகட்டில் மலைத்தேனீக் கூடு இருந்தால் வாசனைத் தைலம் பூசியவர் அந்தப் பக்கமே போகக்கூடாது.

மாதிரி மனு மேடைக்கு வலப்புற மேசையில் இருக்கிறது. புல எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும், உங்கள் ஊர் எண்ணைப் போட்டு மதிய உணவுக்கு முன் கொடுத்தால் நில அளவர் ஐயாவிடம் இன்றே காட்டிவிடலாம். அவர் சிரிப்பதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு ஓட்டம், விசில் இல்லாதவர்களுக்கு வரிசையில் இடமில்லை. ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் தலைமையாசிரியர் அம்மாவின் கூழ்க் குண்டானருகே வாருங்கள், அங்கே பேசுவோம். வணக்கம்.