சோற்றை விட்டால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பலர் உட்காரும்போதே, "சோத்தை விட்டுட்டேன் மேடம், ராத்திரி சப்பாத்திதான்" என்பார்கள். எத்தனை என்று கேட்டால், "நாலு, அஞ்சு". தொட்டுக்கொள்ள? உருளைக்கிழங்கு குருமா.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவுக்கு இருக்கிறது. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65 கிராமை ஒட்டி இருக்கும். நார்ச்சத்து இவற்றில் கூடுதல், நல்லதுதான். அதற்காக அளவில்லாமல் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தினை, வரகு, கம்பு என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். அதிலும் கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி டம்ளரில் குடித்தால் சீக்கிரமே செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, மென்று சாப்பிடுங்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்பதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளும் வழி, அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்னதான் சாப்பிடுவது? நம் வீடுகளில் சாதம் தட்டை நிறைக்கும், பொரியல் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்ற வேண்டும். தட்டில் பாதி, காயும் கீரையும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மிச்சமிருக்கும் காலில் சாதமோ சப்பாத்தியோ. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் பருப்பு, மீன் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்காகத் தனிச் சமையல் வேண்டாம். இந்தத் தட்டு வீட்டில் எல்லோருக்கும் நல்லது. சர்க்கரை உள்ள பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிட உட்காருவார்கள். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். மீந்த சாதம் வீணாகக் கூடாதே என்று அதையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அம்மா, உங்கள் பங்குக் காயை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

கிருத்திகை, அமாவாசை என்று விரதம் இருப்பவர்களும் உண்டு. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, பரிசோதித்தால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே காட்டுகிறதா? அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட், சாக்லேட் தேடாதீர்கள், அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு குடிக்கலாம். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.