குக்சா மடத்துப் போதிகைகள் ஊர் திரும்பட்டும்

தலைமை வகிக்கும் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்த பேராசிரியர் அம்மையார் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த நூலகத்தாரே, முன்வரிசையில் இருக்கும் சிற்பக் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன். சான் மிஷெல் த குக்சா மடத்தின் போதிகைகளை, அதாவது தூண்களின் தலைப்பில் அமரும் கற்களை, எப்படிச் செதுக்கினார்கள், அந்த உருவங்களுக்கு என்ன பொருள், அவை இன்று எங்கே இருக்கின்றன.

பிரான்சின் தென்கோடியில், கனிகூ மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தக் கிறித்தவ மடம். 1130-க்கும் 1140-க்கும் இடையில் அதன் முற்றத்தைச் சுற்றி ஒரு தூண் மண்டபம் எழுந்தது. கல் அந்த வட்டாரத்து இளஞ்சிவப்புச் சலவைக்கல். போதிகைகளில் இலைக்கொடிகள், குரங்குகள், மனிதனை விழுங்கும் சிங்கங்கள். தன் முன்னங்காலையே கடிக்கும் சிங்கமும் உண்டு. ரோமனெஸ்க் என்ற அந்தக் கால ஐரோப்பியக் கலைப்பாணியின் சிற்பிகளுக்கு இருந்த துணிச்சலைப் பாருங்கள்! சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1125 வாக்கில், கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார், துறவிகள் படிக்கும் இடத்தில் குரங்கும் சிங்கமும் எதற்கு என்று கடிந்து எழுதியிருந்தார். குக்சா சிற்பிகளின் உளி நிற்கவில்லை.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். ஒரு போதிகையில் சிங்கம், அடுத்ததில் வெறும் இலை, அதற்கடுத்ததில் குரங்கு என்று நடந்துகொண்டே பார்க்க வேண்டிய வரிசை அது.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவிகள் வெளியேறினார்கள். கற்கள் ஊரெங்கும் சிதறின. அப்புறம் வந்தார் ஜார்ஜ் கிரே பார்னார்ட். அமெரிக்கச் சிற்பி. பென்சில்வேனியா சட்டமன்றக் கட்டடத்துக்குச் சிலைகள் செய்துகொண்டிருந்தார், பணம் வரவில்லை. பிழைப்புக்காகப் பழைய கற்களை வாங்கி விற்கத் தொடங்கினார். கிராமம் கிராமமாக அலைந்து விசாரித்தார். குக்சா போதிகைகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. பக்கத்து ஊர் பிராட். அங்கே ஒரு குளியல் மண்டபத்தில் குக்சாவின் வளைவுகள் நின்றன. அதையும் விலை பேசிவிட்டார். சேதி பரவியதும் எதிர்ப்பு கிளம்பியது, பாரிஸ் வரை போனது. கடைசியில் அந்த வளைவுகளை பிரான்சுக்கே கொடுத்துவிட்டார். ஆனால் வாங்கிச் சேர்த்திருந்த மற்றவை நியூயார்க்குக்குக் கப்பல் ஏறின. அவை போன பிறகுதான், 1913 டிசம்பர் 31 அன்று, நினைவுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிரான்சில் வந்தது! (கைதட்டல்)

1925-இல் அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் தந்த பணத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. 1938-இல் திறந்த ‘தி கிளாய்ஸ்டர்ஸ்’ கிளையில், அளவைச் சுருக்கி மண்டபத்தை எழுப்பியிருக்கிறார்கள். நன்றாகப் பராமரிக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். பணம் கொடுத்து வாங்கியதும் உண்மை. ஆனால் 1950-களில் குக்சாவிலும், எஞ்சிய போதிகைகளைத் திரட்டி மண்டபத்தின் ஒரு பகுதியை நிறுத்திவிட்டார்கள். மடத்தில் மறுபடி துறவிகள் வாழ்கிறார்கள். வைக்க இடம் இல்லை, பார்க்க ஆள் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. தனிமரம் தோப்பாகாது, பாதி நியூயார்க்கில், பாதி குக்சாவில் இருந்தால் இரண்டுமே தோப்பாகாது.

உருவங்களின் பொருளைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, ஒன்று மட்டும். அருங்காட்சியகத்துக்கு ஒரு வேண்டுகோள் எழுதி, வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். முதலில் பத்துப் போதிகைகளையாவது குக்சாவுக்கு அனுப்புங்கள், உங்கள் மண்டபத்தில் அவற்றுக்குப் பதில் அச்செடுத்த நகல்களை வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள்.