கூறை எடுத்த கைக்குக் கவுன் துணி தெரியாதா?

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் பல வருடங்களாக மணப்பெண் கவுன் வேலை செய்கிறேன். முழுக் கவுனும் நானே தைப்பது குறைவு. கடையில் வாங்கியதைப் பிரித்து, உடம்புக்கு ஏற்றபடி மறுபடி தைத்துக் கொடுப்பதுதான் கூட. இலையுதிர் காலக் கலியாணத்துக்குத் துணி எப்படித் தெரிவு செய்வது என்று பேசச் சொன்னார்கள். சரி, என் வேலை அறையில் நடப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகள் தொலைபேசியில் படத்தோடு வருவாள். "அன்ரி, சாட்டின் வேணும்" என்பாள். அம்மா மூலைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். கேட்டால், "எனக்குக் கவுனைப் பற்றி என்ன தெரியும், நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ" என்பார். இதே அம்மா கூறை எடுக்கப் போன அன்று கடைக்காரரை அரை நாள் நிற்க வைத்திருப்பார். தலைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, மடிப்பை உதறி, கையில் ஏந்திக் கனம் பார்த்திருப்பார். கவுன் துணிக்கும் தேவைப்படுவது அந்த விரல்தான்.

முதலில் இந்தச் சாட்டின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெசவின் பெயர். ஒரு நூல் குறைந்தது நாலு நூலுக்கு மேலால் ஓடி, பிறகுதான் ஒன்றுக்குக் கீழே போகும். அந்த நீண்ட ஓட்டத்தில்தான் பளபளப்பு வருகிறது. பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பொலியெஸ்டரிலும் நெய்யலாம். இரண்டும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது எது என்று அறிய நம் வீட்டுப் பெண்களுக்குப் பழைய வழி ஒன்று தெரியும். துண்டுத் துணியிலிருந்து இரண்டு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் மயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகி, கடுகுபோல் இறுகிவிடும்.

பொலியெஸ்டர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மழைத்துளி பட்டால் பட்டுச் சாட்டினில் வட்டமாகத் தடம் விழும். பொலியெஸ்டரில் அவ்வளவு விழாது. ஒக்டோபரில் இந்த நாட்டில் அது சின்ன விஷயமா? ஆனால் அது மூச்சு விடாத துணி. வெளியே நடுங்கிவிட்டு, சூடேற்றிய மண்டபத்துக்குள் வந்து ஆடும்போது வேர்வை முழுக்க உள்ளேயே நிற்கும். ஹீட்டர் போட்ட வறண்ட காற்றில் உள்துணி காலுறையோடு ஒட்டிப் பிடிக்கும். அதனால் மேல்துணி எதுவானாலும் உள்துணி விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல்) அல்லது மெல்லிய பட்டாக இருக்கட்டும். பணத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள் உள்துணியில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

அப்புறம் கனம். பட்டின் கனத்தை மொம்மி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மொம்மி என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 கிராம். உள்துணிக்கு 8 போதும். இலையுதிர் காலக் கவுனுக்கு 30ஐ ஒட்டிய கனமான துணியைத்தான் நான் கையில் எடுப்பேன். டச்சஸ் சாட்டின், மிக்காடோ எல்லாம் அந்த வகை. மிக்காடோவைத் தொட்டுப் பாருங்கள், கோர்வைப் பட்டுச்சேலைபோல விறைப்பாக நிற்கும். மினுக்கமும் அடங்கியே இருக்கும்.

கனத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், காற்று. 2018 ஒக்டோபர் 12ஆம் தேதி வின்ட்சரில் எலிசபெத் மகாராணியின் பேத்தி இளவரசி யூஜினியின் கலியாணம். அன்று அடித்த காற்றில் விருந்தினர்களின் தொப்பிகள் பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவருடைய கவுன் பட்டும் பருத்தியும் விஸ்கோஸும் கலந்த ஜக்கார்ட். பூ வேலை துணியிலேயே நெய்தது. நீளக் கை. முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையின் தழும்பு தெரியவேண்டும் என்றே பின்கழுத்தை இறக்கி வைத்தார், முக்காடும் போடவில்லை. படியேறும்போது பாவாடை காற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்டியது, ஆனாலும் உருக்குலையவில்லை. அதே இடத்தில் ஷிஃபான் கவுன் என்றால் காலோடு சுற்றியிருக்கும்.

இலையுதிர் காலக் கலியாணத்தில் இன்னொன்று 1947 நவம்பர் 20ஆம் தேதி நடந்த எலிசபெத் மகாராணியுடையது. அப்போது அவர் இளவரசி. போர் முடிந்து துணிக்குப் பங்கீடு இருந்த காலம். அவருக்கு அரசாங்கம் கூடுதலாக 200 கூப்பன் கொடுத்தது. நாட்டுப் பெண்கள் தங்கள் கூப்பன்களையும் அனுப்பினார்கள். மற்றவருடையதைப் பாவிப்பது சட்டப்படி குற்றம் என்பதால் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. அதை வடிவமைத்த நோர்மன் ஹார்ட்னெல் அந்தக் கவுனுக்கு எடுத்த துணி டச்சஸ் சாட்டின். நவம்பர்க் குளிருக்கும், பத்தாயிரம் சின்ன முத்துகளைத் தாங்குவதற்கும் அந்தக் கனம் வேண்டியிருந்தது.

டஃபெட்டா என்ற மொறுமொறுப்பான துணியைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நடக்கும்போது சரசரக்கும், கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு துண்டைக் கைக்குள் பொத்தி, முப்பது எண்ணிவிட்டுத் திறந்து பாருங்கள். 1981இல் டயானா தன் கலியாணத்துக்கு டஃபெட்டா கவுனில் கோச்சு வண்டியிலிருந்து இறங்கியபோது உலகமே பார்த்தது அந்தக் கசங்கலைத்தான். அது கோடை காலம். இலையுதிர் காலத்தில் ஈரமான காரிலிருந்து கோட்டும் குடையுமாக இறங்கவேண்டிவரும்.

வெல்வெட்டைப் பற்றி என் பிழை ஒன்றையே சொல்கிறேன். கவுனுக்கு மேலே போட ஒரு சின்ன ஜாக்கெட் வெட்டினேன். துணியை மிச்சம் பிடிக்க, ஒரு கையைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். வெல்வெட்டுக்கு மயிர் சாயும் திசை உண்டு. பூனையின் முதுகைத் தடவுவதுபோல, ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் எதிர்க்கும். மேல்நோக்கி வெட்டினால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி என்றால் வெளிறும். தைத்து முடித்து வெளிச்சத்தில் தூக்கினால், ஒரு கை பால், மற்றக் கை தயிர். என் செலவில் புதுத் துணி வாங்கி, இரவோடு இரவாக மறுபடி வெட்டினேன்.

டூல் வலையும் லேசும் அழகுதான். பூங்காவில் படம் எடுக்கப் போகாதவரைக்கும். ஒரு கவுன் திரும்பி வந்தபோது, டூலின் அடுக்குகளுக்குள் காய்ந்த இலை நொறுங்கித் தூளாகச் சிக்கியிருந்தது. சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மாலைப் பொழுது போனது. டூல் வேண்டுமென்றால் மேற்பாதிக்கு வையுங்கள். புல்லைத் தொடுகிற கடைசி முழத்தில் வேண்டாம். கீழ்மடிப்பையும் போடப்போகிற சப்பாத்தோடு நின்றுதான் அளக்கவேண்டும். அரை அங்குலம் நீண்டாலும் ஈரப் புல் அதை விளக்குத் திரிபோல உறிஞ்சி மேலே ஏற்றும்.

நிறம் பார்க்க என் வீட்டு விளக்கை நம்பாதீர்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் வைத்த பிறகு, லண்டனில் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். மூன்று மணிக்குக் கலியாண எழுத்து (பதிவு), நாலு மணிக்குப் படம் என்றால், அந்த நாலு மணி வெளிச்சத்தில்தான் துணியைப் பார்க்கவேண்டும்.

போன மாதம் ஒரு அம்மா நான் சொல்லாமலே அதைச் செய்தார். மகளும் நானும் தூய வெள்ளை மிக்காடோ என்று முடிவெடுத்து அளவு குறித்துக்கொண்டிருந்தோம். மூலையில் இருந்தவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே பஸ் தரிப்பிடம்வரை நடந்துவிட்டு வந்தார். "பிள்ளை, வெளியில இது நீலமா அடிக்குது" என்றார். போய்ப் பார்த்தோம், உண்மைதான். மேகமூட்டத்தில் அந்த வெள்ளை மருத்துவமனை விரிப்புபோல இருந்தது. தந்த நிறமான ஐவரிக்கு மாறினோம்.

அந்தக் கவுன் இப்போது என் மேசையில் கிடக்கிறது. கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.