கடைசித் தோசையை யார் சாப்பிடுகிறார்கள்?

நடுவர் அவர்களே, எங்கள் அணியைக் காய்ச்சல் வார்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, மணி ஒன்பதைத் தாண்டியும் நாற்காலியை விட்டு எழாத பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வீட்டு இரவுச் சாப்பாட்டில் நிறைவு தருவது இட்லி தோசையா, சூப்பும் சாலடும் ரொட்டியுமா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று வரியில் எங்களை முடித்துவிட்டார். பிரெட் ஆஸ்பத்திரிச் சாப்பாடாம். சூப், ஓட்டலில் ஆர்டர் வரும்வரை குடிக்கிற தண்ணீராம். சாலட் ஆடு தின்கிறதாம். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு அழகு. விஷயத்தைத்தான் காணோம்.

ஆட்டில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஐயா, ராமநவமிக்கு உங்கள் தெருவில் என்ன கொடுக்கிறார்கள்? பானகம், நீர்மோர், கோசுமல்லி. ஊறவைத்த பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், தேங்காய்த்துருவல், எலுமிச்சம்பழச் சாறு, மேலே கடுகு தாளிப்பு. அது சாலட் இல்லாமல் வேறென்ன? ராமருக்குப் படைக்கும்போது நைவேத்தியம், நான் தட்டில் வைத்தால் ஆட்டுத் தீனியா? அதற்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. உப்பை முதலிலேயே போட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுச் சதசதவென்று ஆகிவிடும். இலையில் வைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும்.

அடுத்தது சூப். எதிரணி குடித்ததெல்லாம் சோளமாவுக் கரைசல் போலிருக்கிறது. பாக்கெட் சூப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சோளமாவு, சர்க்கரை, உப்பு என்று ஆரம்பித்து, காய்கறி பாவம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூப்புக்காக நான் வாதாடவில்லை.

நான் சொல்வது துருக்கியில் வீட்டுக்கு வீடு கொதிக்கிற மெர்ஜிமெக் சூப். நம் மைசூர் பருப்புதான். ஊறவே வேண்டாம். வெங்காயத்தை வதக்கி, ஒரு கேரட்டும் சீரகமும் சேர்த்து, பருப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அரை மணிக்குள் குழைந்துவிடும். நன்றாக மசித்து, வெண்ணெயை உருக்கி அதில் மிளகாய்த்தூளைப் பொரித்து மேலே விடுகிறார்கள். தாளிப்பு! எங்கோ இருக்கிற துருக்கிக்காரரும் தாளிக்கிறார், நடுவர் அவர்களே. சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்கிறார்கள். அந்தப் புளிப்பு நாக்குக்கு மட்டுமில்லை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் உதவுகிறது. ஆளுக்கு ஒரு கிண்ணம், தொட்டுக்கொள்ள ரொட்டி இரண்டு துண்டு. இதற்கு மேலும் வயிறு நிறையாது என்றால், அவர் எங்களோடு பட்டிமன்றம் பேச வேண்டாம், டாக்டரிடம் பேசலாம்.

இப்போது ரொட்டி. ஆஸ்பத்திரி வாசனை ரொட்டியில் இல்லை. காய்ச்சல் வந்தால் கடையில் வெள்ளை பிரெட் வாங்கிப் பாலில் நனைத்து ஊட்டியே நம்மை வளர்த்துவிட்டார்கள், அதனால் வந்த ஞாபகம். வீட்டு ரொட்டி வேறு ஜாதி. 150 கிராம் கோதுமை மாவு, அதே அளவு மைதா, 210 மில்லி தண்ணீர், 6 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஈஸ்ட். அவ்வளவுதான் சாமான். கடை பிரெட் நன்றாக உப்புவதற்காகப் போடுகிற பொட்டாசியம் புரோமேட் என்கிற ரசாயனத்தைச் சேர்க்க 2016 வரைக்கும் நம் நாட்டில் அனுமதி இருந்தது, அந்த ஆண்டுதான் தடை வந்தது. என் வீட்டு மாவில் அது அன்றைக்கும் கிடையாது.

"வேலைக்குப் போகிறவர்கள் எப்போது பிசைவது?" என்று எதிரணி அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் எல்லாவற்றையும் கரண்டியால் கலக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். இடித்துப் பிசைய வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் பஸ்ஸில் நிற்கும் நேரமெல்லாம் அது தானாகப் புளித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் வந்து உருட்டித் தட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் உப்பிவிடும். ஓவன் இல்லையா? குக்கர் இருக்கிறதே! கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் போட்டு, பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். முக்கால் மணி நேரம். மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டால் அதுவும் சிவந்துவிடும். பாருங்கள், உங்கள் தோசைக்கல்லுக்கும் எங்கள் அணியில் வேலை கொடுத்துவிட்டேன்.

இன்னொருவர் சொன்னார்: "மாவு அரைக்கக்கூட வேண்டாம், தெருமுனையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது." அப்படியா? கடை மாவை வாங்கி ஊற்றினால் அது பாரம்பரியம், நான் என் கையால் ரொட்டி சுட்டால் மேல்நாட்டு மோகம். நல்லா இருக்குங்க இந்த நியாயம்.

பணக்காரர் சாப்பாடு என்றும் ஒரு குற்றச்சாட்டு வந்தது. இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு பகுதி. அங்கே ரொட்டியை உப்பே போடாமல் சுடுகிறார்கள். இரண்டு நாளில் கல்லாகிவிடும். தூக்கிப் போட்டார்களா? வெள்ளை பீன்ஸும் கரும்பச்சை முட்டைக்கோசும் போட்ட சூப்பில் அந்தக் காய்ந்த ரொட்டியை ஊறவிட்டு, மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்தார்கள். அதுதான் ரிபொல்லிட்டா. வெயில் காலத்தில் அதே ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், வினிகர் சேர்த்துப் பிசறினால் பன்சனெல்லா என்கிற சாலட். லெபனானில் பழைய ரொட்டியை மொறுமொறுவென்று பொரித்து ஃபத்தூஷ் சாலடில் போடுகிறார்கள். எல்லாம் ஒரு துண்டையும் வீணாக்க மனசு வராத ஏழை வீடுகளில் பிறந்தவை. பழையதில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்த நமக்கு இதைப் போய் விளக்க வேண்டுமா? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், மிச்ச ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் சீக்கிரம் விறைக்கும். வெளியே மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீசரில் போடுங்கள்.

மணி அடித்துவிட்டீர்களா? ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே. இவ்வளவும் முன்னுரைதான், வழக்கே இனிமேல்தான்.

தலைப்பில் 'நிறைவு' என்று இருக்கிறது. யாருடைய நிறைவு? தோசை ராத்திரி எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் தோசை பையனுக்கு, முறுகலாக வேண்டும். அடுத்தது மாமனாருக்கு, பல்லுக்கு இதமாக மெத்தென்று. டிவி முன்னாலிருந்து ஒரு குரல்: "இன்னொண்ணு வருமா?" வரும், வரும். எல்லோரும் கைகழுவின பிறகு, பாத்திரத்தில் ஒட்டியிருக்கிற மாவை வழித்துக் கனமாக ஒன்று ஊற்றி, அடிச் சட்னியைத் துடைத்து, சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே ஒருத்தி சாப்பிடுவாள். சுடச்சுடச் சாப்பிட்டவர்களுக்கு நிறைவு. சுட்டவளுக்கு?

உடனே எதிரணி இட்லியைக் கொண்டுவருவார்கள். கொண்டுவரட்டும். இட்லி நல்ல பிள்ளை, ஒரே ஈட்டில் வெந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி மாவு கொஞ்சம் புளித்துவிட்டால் அந்த இட்லியும் தோசைதான், அவளும் மறுபடி கல் முன்னால்தான்.

எங்கள் சாப்பாட்டில் அடுப்பை முதலிலேயே அணைத்துவிடலாம். சூப்புப் பானை நடுவில் வந்துவிடும். சாலட் ஆறிப்போகிற சமாசாரமே இல்லை. ரொட்டியை யார் வேண்டுமானாலும் அறுக்கலாம், வீட்டு ஆம்பிளைகள்கூட அறுக்கலாம். செய்தவளும் மற்றவர்களோடு உட்கார்ந்து, அதே சூட்டில் சாப்பிடுவாள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த அணியில் நிற்கிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால் எதிரணித் தலைவரைக் கூப்பிட்டு, நேற்று ராத்திரி அவர் வீட்டில் கடைசித் தோசையைச் சாப்பிட்டது யார் என்று மட்டும் கேளுங்கள். அவர் மனைவியும் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், பதிலைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.