சுவரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கத்து வீடுகளில் ஸ்டாண்டு போட்டு ஸ்பீக்கரை நடு ஹாலில் நிறுத்த இடம் ஏது? சுவரில்தான் மாட்டுகிறோம். அதனால் வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்ய ஆசைப்படுகிறவர்கள், சுவருக்கென்றே முதலிலிருந்து திட்டம் போடுங்கள். ஸ்டாண்டுக்கு வரைந்த டிசைனைச் செய்து சுவரில் மாட்டினால் பேச்சு, பாட்டு எல்லாமே கும்மென்று கேட்கும்.

காரணம் இதுதான். 24 சென்டிமீட்டர் அகலப் பெட்டி என்றால், ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் முன்பக்கம் மட்டும் போகாது, பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். நடு அறையில் நிற்கிற ஸ்பீக்கருக்கு இதனால் முன்னால் 6 டெசிபல் வரைக்கும் நஷ்டம். அதை ஈடுகட்ட கிராஸ்ஓவரில், அதாவது கனத்த சத்தத்தை வூஃபருக்கும் கீச்சுச் சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற சர்க்யூட்டில், வூஃபருக்குப் பெரிய காயில் போட்டு அந்த 500 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற சத்தத்தை அடக்குவார்கள். சுவரில் மாட்டும்போது பின்னால் போனதை நம்ம செங்கல் சுவரே திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தத் திருத்தமே வேண்டாம், சின்ன ஆம்ப்ளிஃபையரே போதும்.

ஆனால் பெட்டி ஆழமாக இருக்கக் கூடாது. முன்பலகை சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்புகிற அலை சுமார் 286 ஹெர்ட்ஸில் எதிர்க்கட்டத்தில் வந்து சேர்ந்து நேரலையை அழிக்கும், ஆண் குரலின் கனமே அங்கேதான் இருக்கிறது. 14 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 600 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும், அங்கே பின்னால் போகிற சத்தமே குறைவு. 5 அங்குல வூஃபருக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உள்ளளவு 40, 20, 10 சென்டிமீட்டர் வைத்தால் 8 லிட்டர் வரும். பின்னால் ஓட்டை வேண்டாம், முழுக்க மூடிய பெட்டி போதும். உள்ளே கொஞ்சம் இலவம் பஞ்சு.

சரி, கிராஸ்ஓவருக்கு வருவோம். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்களின் பெயரில் இருக்கிற, 1976-இல் லிங்க்விட்ஸ் விளக்கிய வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பிரிக்கிற இடம் 3000 ஹெர்ட்ஸ், ஸ்பீக்கர் 8 ஓம் என்று வைத்தால் 3.3 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 0.85 மில்லிஹென்றி காயிலும் வரும், வூஃபருக்கு ஒரு ஜோடி, ட்வீட்டருக்கு ஒரு ஜோடி. ஏறக்குறைய இந்த அளவு கெபாசிட்டருக்கு எங்கும் அலைய வேண்டாம். சீலிங் ஃபேனுக்குப் போடுகிற 3.15 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை, பிளஸ் மைனஸ் கிடையாது, நம்ம ஊர் வெயிலில் எலக்ட்ரோலிடிக் மாதிரி உள்ளே காய்ந்தும் போகாது. புதிதாகவே வாங்குங்கள். காயிலை மோட்டார் ரீவைண்டிங் கடையில் 18 கேஜ் எனாமல் கம்பி வாங்கி நீங்களே சுற்றலாம். சில சுற்று கூடவே சுற்றிக்கொண்டு, மில்லிஹென்றி அளக்கிற மீட்டரில் பார்த்துப் பார்த்துப் பிரித்துக் குறையுங்கள். நடுவில் இரும்பு வேண்டாம். இரண்டு காயிலையும் ஒன்றை நிறுத்தியும் ஒன்றைப் படுக்கவைத்தும் தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் காந்தப் புலம் மற்றதில் ஏறும்.

இன்னொரு விஷயம், 8 ஓம் என்று எழுதியிருக்கிற வூஃபர் 3000 ஹெர்ட்ஸில் 8 ஓமாக இருக்காது, கோனை அசைக்கிற வாய்ஸ் காயிலால் ஏறிப்போயிருக்கும். ஒரு ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் தொடராக இணைத்து வூஃபரின் இரு முனைக்கும் குறுக்கே போட்டால் அது அடங்கும். வூஃபரின் டிசி ஓம், அதாவது மல்டிமீட்டர் காட்டுகிற ஓம், 6 என்றால் ரெசிஸ்டர் 7.5 ஓம், கெபாசிட்டர் பத்து மைக்ரோஃபாரட் பக்கம் வரும். இதை விட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கு வீண்.

ட்வீட்டரின் பிளஸ் மைனஸை மாற்றித்தான் கொடுக்க வேண்டும், இந்த வகையில் இரண்டுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வருகிறது. வூஃபரில் எது பிளஸ் என்று சந்தேகமா? பென்சில் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், கோன் முன்னால் வந்தால் செல்லின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

மாட்டும்போது லாஃப்ட்டுக்குப் பக்கத்தில், மூலையில் ஏற்றிவிடாதீர்கள், கூரையும் பக்கச் சுவரும் சேர்ந்து பேஸை இன்னும் ஏற்றும். உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு ட்வீட்டர் வரட்டும். உயரத்தில்தான் இடம் என்றால் பெட்டியைத் தலைகீழாக, ட்வீட்டர் கீழே வரும்படி மாட்டுங்கள். நன்றி, வணக்கம்.