ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு நிறைவு தருவது வீடா, ஊரா? 'ஊரே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "காலமெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு உழைத்தவர், மிச்ச நாளையாவது வீட்டுக்குக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். அதை அந்த வீட்டாரிடம் கேட்டாரா? மகன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் ஒற்றுப்பிழை திருத்துகிற மனிதரை முழுநேரமும் வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா? "மாமா, சாயங்காலம் எங்கேயும் கூட்டம் இல்லையா?" என்று மருமகள் விசாரிப்பது அக்கறையிலா, ஆசையிலா? நடுவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த காலத்து ஜெர்மனியில் 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது வரம்பு 70. 1916-இல் அதையே 65 ஆக்கினார்கள். சட்டம் போடும் கோடு அது. இழுத்த இழுப்புக்கு வரும். சொல்லித்தரும் கை அந்தக் கோட்டோடு நின்றுவிடுமா?

விண்ணப்பத்தோடு ஒரு பாட்டி வருகிறார். விவரம் தெரிந்த வேறு யாரென்றாலும் மளமளவென்று நிரப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாத்தியார் பேனாவை அந்த அம்மா கையிலேயே கொடுப்பார். "முதல் கட்டத்தில் என்ன கேட்டிருக்கு, வாசிங்கம்மா" என்பார். தப்பாக எழுதினால் அடித்துவிட்டு மேலே எழுதச் சொல்வார். நேரமாகும், பாட்டிக்கு எரிச்சலும் வரும். ஆனால் அடுத்த தடவை அவர் தனியாகவே போவார், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு. சிபாரிசு செய்கிறவர், நன்கொடை கொடுக்கிறவர் எல்லாம் தேடினால் கிடைப்பார்கள். 'இனி நான் உனக்குத் தேவையில்லை' என்கிற இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய் விடுகிறவர் வாத்தியார்தான்.

பிரான்சில் துலூஸ் நகரில் 1973-இல் முதியவர்களுக்காக 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' தொடங்கினார்கள். அங்கே பேராசிரியர்கள் நடத்த, பெரியவர்கள் கேட்டார்கள். 1980-களில் பிரிட்டனுக்குப் போனதும் கதை மாறியது: உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிறார்கள். தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. எங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஓய்வு பெற்றவருக்கு நாற்காலி மட்டும் போதாது, கரும்பலகையும் வேண்டும்.

"சங்கத்துக்குள் போனால் எல்லாரையும் மாணவராக நினைப்பார்" என்றும் எதிரணியில் சொன்னார்கள். வாஸ்தவம். தாமதமாக வந்த உறுப்பினரை வாசலிலேயே நிறுத்திவைத்த தலைவரை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அவருக்குத் தலைவர் பதவி வேண்டாம், செயலாளராகப் போடுங்கள். போன கூட்டத்தில் யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது தேதியோடு தீர்மானப் புத்தகத்தில் இருக்கும். வரவு செலவில் அடித்தல் திருத்தல் இருக்காது. முக்கால்வாசிச் சண்டை அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டியதுமே அடங்கிவிடும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. தெருப் பையன் ஒருவன், "ஐயா, நாளைக்கு நேர்முகத் தேர்வு. ஒரு தடவை கேள்வி கேட்டுப் பாருங்களேன்" என்று வாசலில் வந்து நிற்கிறான். "அவர் ஓய்வில் இருக்கிறார், போப்பா" என்று நீங்கள் சொல்வீர்களா? நீங்கள் சொன்னாலும் அவர் உள்ளே இருப்பாரா? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.